உணர்வு வந்தா ரோபோ வில்லனாயிடணுமா?

மஞ்சக்குப்பம்_பையன்: நேத்து நைட் எந்திரன் மறுபடி பாத்தோம், சிட்டிக்கு உணர்ச்சி வந்ததும் காதல், அப்புறம் பொறாமை, கடைசில ஊரையே அழிக்குது. வேற மாதிரி படமே இல்லியா?

முத்தியால்பேட்டை: சிட்டி தானா கெடல ப்ரோ, வில்லன் விஞ்ஞானி போரா வச்ச ரெட் சிப்தான் காரணம். 1968ல வந்த 2001 ஸ்பேஸ் ஒடிஸி பாருங்க. அதுல விண்கப்பல கவனிச்சுக்கற கம்ப்யூட்டர் ஹால் 9000க்கு உண்மையான தகவல் குடுக்கறதுதான் வேலை, ஆனா பயணத்தோட நோக்கத்த கப்பல்ல இருக்கறவங்ககிட்ட மறைன்னும் ஆர்டர், ரெண்டும் முட்டிக்கிட்டுதான் கொலை வரைக்கும் போச்சு, இத 1984ல வந்த அடுத்த பாகத்துலதான் தெளிவா சொல்வாங்க (படம் ஸ்லோ, தூங்கிடாதீங்க).

சில்வர்பீச்: டெர்மினேட்டர் 2ல ராணுவ கம்ப்யூட்டர் ஸ்கைநெட்டும் அதான், அதுக்கு சுயநினைவு வந்ததும் ஆஃப் பண்ண பாத்தாங்க, திருப்பி அடிச்சிது.

மஞ்சக்குப்பம்_பையன்: அப்ப தப்பு நம்ம ஆளுங்க மேலயா? 😄

ஒதியஞ்சாலை: பிளேட் ரன்னர விட்டுட்டீங்களே! அதுல கலகம் பண்ற செயற்கை மனுசங்களுக்கு ஆயுசே 4 வருசம்தான், அத நீட்டிக் குடுன்னுதான் கேக்குறாங்க.