ஃபினிஸ்யோன்: கத்தியை எங்கே வைப்பது?

கயல்:
பிரெஞ்சில் 'நூ ஃபினிஸ்யோன்' என்றால் 'நாங்கள் முடித்துக்கொண்டிருந்தோம்'. தேர்வில் இந்த வினையைப் பிரிக்கச் சொன்னார்கள். ஃபி-னிஸ்-ஸியோன் என்று எழுதினேன், சுழித்துவிட்டார்கள். எழுத்தில் எஸ் இரண்டு இருப்பதால் வரி முடிவில் அப்படித்தானே உடைக்கிறோம்?

நெய்தல்:
அசை மூன்று, சரி. கேட்டது உறுப்பு என்றால் கதையே வேறு. 'நடந்தனன்' என்பதை யாப்புக்காக நடந்/தனன் என்று அலகிடுகிறோம், அதற்காக 'நடந்' பகுதி ஆகிவிடுமா? இங்கே ஃபின் பகுதி, இஸ் தனி, இ காலம் காட்டும் இடைநிலை, ஓன் 'நாங்கள்' என்பதற்கான விகுதி. மொத்தம் நான்கு. முதல் வெட்டிலேயே வித்தியாசம் தெரியும்: அசை 'ஃபி'யோடு நிற்கிறது, உறுப்பு 'ஃபின்' வரை போகிறது.

தேனீ:
நான்கை நான் ஏற்கமாட்டேன். ஃபினிஸ்தான் பகுதி. நிகழ்கால ஃபினிஸோனில் ஓனை எடுத்துவிட்டு இயோன் சேர் என்றுதானே சொல்லித்தருகிறார்கள்? ஆங்கிலம் கடன் வாங்கியபோதும் இஸ்ஸோடு சேர்த்தே தூக்கிப்போனது. நாம் தினமும் சொல்கிற ஃபினிஷ் அதுதான், பனிஷும் அப்படி வந்ததே.

நெய்தல்:
கடன் வாங்கியவர் எப்படி எடுத்துப்போனார் என்பது பிரெஞ்சின் உள்கட்டுக்குச் சாட்சி ஆகாது. எதிர்காலம் ஃபினிரே, அதில் இஸ் எங்கே? அப்புறம் 'பார்த்திர்', அதாவது புறப்படு, அதுவும் இர் என்றுதான் முடிகிறது, ஆனால் நூ பார்த்தியோன், இஸ் கிடையாது. லத்தீனில் 'இஸ்க்' என்று, ஒரு செயல் தொடங்குவதைக் காட்டிய ஒட்டு இது. பிரெஞ்சுக்கு வருவதற்குள் பொருள் கரைந்து உருவம் மட்டும் தங்கிவிட்டது. நம் சாரியை போல.

தேனீ:
சாரியை என்று சொல்லாதீர்கள். நீங்கள் காட்டிய நடந்தனனில் 'அன்' சாரியை இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவில் வருகிறது. இஸ் இடைநிலைக்கு முன்னாலேயே பகுதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபினி, ஃபினிஸ் என்று பகுதிக்கே இரண்டு வடிவம், அவ்வளவுதான். 'வா' என்பது வந்தான், வருவான் என்று மாறுவதில்லையா? அதற்கு 'ரு' தனி உறுப்பு என்று யாராவது சொல்கிறோமா?

நெய்தல்:
'வா' ஒற்றை வினை. இஸ் நூற்றுக்கணக்கான வினைகளில் அதே இடத்தில் அதே உருவத்தோடு வருகிறது. அத்தனை பகுதிக்கும் தனித்தனியாக இரண்டு வடிவம் எழுதிவைப்பீர்களா?

கயல்:
வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன், 'உறுப்புகளாக' என்றுதான் இருக்கிறது, என் பிழைதான். இஸ்ஸை நீங்கள் இருவரும் எங்கே வைத்தாலும், ஃபினிஸோனையும் ஃபினிஸ்யோனையும் பிரிப்பது நடுவில் இருக்கும் அந்த ஒரு இ மட்டும்தானா? இத்தனை நாளாக அது என் காதில் விழவே இல்லை.