தாய்லாந்து மேரேஜ் விசாவுக்கு 4 லட்சம் பாட் பேங்க்ல காட்டணுமாம், யாராவது பண்ணியிருக்கீங்களா?

கல்மண்டபம் ஃபிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ராயபுரம், கல்மண்டபம் பக்கம். 11 வருஷமா கப்பல்ல ஃபிட்டரா இருக்கேன். லேம் சபாங் போர்ட்டுக்கு போக வர இருந்தப்ப ஒரு பொண்ணு பழக்கமாச்சு, வீட்ல சொல்லி, சண்டை போட்டு, சமாதானமாகி, போன வருஷம் அங்கயே ஆம்பூல ரெஜிஸ்டர் பண்ணிட்டோம் (பிரியாணி ஆம்பூர் இல்ல, அந்த ஊர்ல தாலுகா ஆபீஸுக்கு பேரே ஆம்பூ, எங்கம்மா இன்னும் வேலூர் பக்கம் கல்யாணம் நடந்துச்சுன்னுதான் தெருவுல சொல்லிட்டு இருக்கு). இப்போ கப்பல் போதும்னு அந்த போர்ட் பக்கத்துல இருக்கிற சீராச்சாலயே போய் இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். 'நான்-ஓ' (Non-O, பொண்டாட்டி கூட தங்கறதுக்கு) விசா 90 நாளுக்கு ஆன்லைன்ல போட்டு வந்துடுச்சு, அதுக்கு அப்புறம் ஒரு வருஷம் நீட்டிக்கணும்னா அங்க இருக்கிற பேங்க்ல 4 லட்சம் பாட் காட்டணுமாம். அவ்ளோ பணம் ஒரே இடத்துல என்கிட்ட இல்ல, கொஞ்சம் இருக்கு, அம்மா நகை இருக்கு, மாமா தரேன்றாரு.

என் கேள்வி இன்னான்னா, இங்க பாரிமுனைல ஒரு பேங்க்ல என் பேர்ல இருக்கிற எஃப்டிய காட்டினா ஒத்துப்பாங்களா? பொண்டாட்டி பேரையும் சேத்து ஜாயிண்ட்டா போடலாமா? பாதி பணம் பாதி சம்பளம்னு காட்டலாம்னு ஒருத்தர் சொல்றாரு, அது நிஜமா? பணத்த எத்தினி நாள் அப்படியே தொடாம வெச்சிருக்கணும்? டிக்கெட் அடுத்த மாசம் போட்டுட்டேன்.

திருவொத்தியூர் அண்ணன்:

தம்பி, நான் சீராச்சால 8 வருஷமா இருக்கேன், வருஷா வருஷம் இதே கூத்துதான். ஒண்ணொண்ணா சொல்றேன்.

இந்தியா எஃப்டி செல்லாது. தாய்லாந்து பேங்க்லதான் இருக்கணும், அதுவும் உன் ஒருத்தன் பேர்ல மட்டும். ஜாயிண்ட்டா போட்டா கணக்குல எடுக்க மாட்டாங்க. பாதி பணம் பாதி சம்பளம்ன்றது 50 வயசுக்கு மேல ரிட்டயர்மெண்ட்ல போறவங்களுக்கு (அவங்களுக்கு 8 லட்சம் பாட்), மேரேஜ்ல அது கிடையாது. ஒண்ணு 4 லட்சம், இல்ல மாசம் 40,000 பாட் வருமானம், ரெண்டுல ஒண்ணு. நீ வேலைய விட்டுட்டு போற, வருமானம் காட்ட முடியாது, அதனால 4 லட்சம்தான் உன் வழி.

இப்போ முக்கியமானது. நீ அப்ளை பண்ற அன்னிக்கு அந்த பணம் 2 மாசம் ஊறியிருக்கணும். விசா 90 நாள். அப்ளிகேஷன் கடைசி 30 நாள்லதான் வாங்குவாங்க. நீ இறங்கின உடனே அக்கவுண்ட் தொறந்துட முடியாது, இப்பல்லாம் ரொம்ப கெடுபிடி, ஒரு கிளைல முடியாதும்பான், அடுத்த தெரு கிளைல ஒண்ணும் கேக்காம தொறந்து குடுப்பான், பொண்டாட்டிய கூட்டிட்டு போ, கல்யாண பதிவு பேப்பர எடுத்துட்டு போ. இதுலயே 2 வாரம் போயிடும்னு வெச்சுக்க. அப்புறம் பணம் வந்து சேர 4, 5 நாள். 25வது நாளுக்குள்ள முழுசா உள்ள வந்துடணும், அப்பதான் 87வது நாள் வாக்குல போய் நிக்கலாம். ஊருக்கு போய் மெதுவா பாத்துக்கலாம்னு நெனச்ச, கதை கந்தல்.

என் கதைய சொல்றேன். முதல் வருஷம் சரியா 4,00,000 போட்டேன், ஒரு பாட் அதிகமும் இல்ல, கொறச்சலும் இல்ல. அப்பாடான்னு 2 மாசம் அந்த அக்கவுண்ட் பக்கமே போகல. இமிக்ரேஷன் ஆபீஸுக்கு அப்ளை பண்ண போனப்போ கவுண்டர்ல இருந்த அம்மா பாஸ்புக்க விரலால வரி வரியா தடவிட்டு வந்து ஒரு இடத்துல நிறுத்தி, பென்சில எடுத்து வட்டம் போட்டுச்சு. 3,99,700. ஏடிஎம் கார்டுக்கு வருஷ சந்தா 300 பாட் புடிச்சிருக்கான். அது நடந்து 3 வாரம்தான் ஆகியிருக்கு. அந்தம்மா சிரிச்சிக்கிட்டேதான் பேப்பர திருப்பி குடுத்துச்சு, அந்த ஊர்ல சிரிச்சிக்கிட்டேதான் முடியாதுன்னு சொல்வாங்க. 300 பாட்டுக்கு, நம்ம ஊர்ல ரெண்டு பிரியாணி காசு, மொதல்லேர்ந்து ஊற வெக்கணும். என்னைய காப்பாத்தினது ஒரு விஷயம்தான், தாய் பொண்டாட்டி இருக்கிறவனுக்கு மனைவிய பாக்க வந்திருக்கேன்னு 60 நாள் நீட்டிப்பு தனியா ஒண்ணு உண்டு, 1,900 பாட் கட்டினா குடுப்பாங்க. அதுல தப்பிச்சேன். நீ 4,10,000 போடு. ஏடிஎம் கார்டே வேணாம்னு சொல்லிடு, செலவுக்கு வேற அக்கவுண்ட் வெச்சுக்க.

மின்ட் கணக்குப்புள்ள:

அண்ணே சொன்னது அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கத்துக்கு சொல்றேன், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன்.

ஊர்ல இருக்கிறவங்க வெளிநாட்டுக்கு பணம் அனுப்புறது எல்ஆர்எஸ்ல (அதுக்குன்னு ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கிற திட்டம்) வரும், ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும். நீங்க அனுப்புறது அதுல கால்வாசி கூட கிடையாது, பயப்பட வேணாம். பிரச்சினை டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே பேங்க் முன்கூட்டி புடிக்கிற வரி. 2025 ஏப்ரல்லேர்ந்து 10 லட்சம் ரூபா வரைக்கும் டிசிஎஸ் இல்ல, அதுக்கு மேல போறதுக்கு 20 சதவீதம். ஒரு பாட் 2 ரூபா 75 பைசான்னு வெச்சா 4 லட்சம் பாட்டுக்கு 11 லட்சம் ரூபா ஆகுது, அப்போ மேல இருக்கிற 1 லட்சத்துக்கு 20,000 புடிப்பாங்க. போன பணம் இல்ல அது, ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும், ஆனா வர்ற வரைக்கும் கைய விட்டு போன மாதிரிதான், அதனால அனுப்பும்போதே அந்த 20,000த்தையும் சேத்து வெச்சுக்கோங்க. மார்ச்சுல கொஞ்சம் ஏப்ரல்ல கொஞ்சம்னு ரெண்டு நிதியாண்டா பிரிச்சு அனுப்பினா அதுவும் மிச்சம், ஆனா உங்க தேதி அதுக்கு ஒத்து வரணுமே. அம்மாவுக்கு பான் கார்டு இருந்தா அவங்க பேர்லேர்ந்து பையனுக்கு கிஃப்ட்னு தனியா அனுப்பலாம், அவங்களுக்கு அவங்க 10 லட்சம் தனி.

ஆனா தம்பி கப்பல்ல இருந்தேன்றாரு. சம்பளம் என்ஆர்இ (வெளிநாட்டு சம்பாத்தியம் போடற) அக்கவுண்ட்ல வந்துச்சா? அதுல இருக்கிற பணம் எல்ஆர்எஸ் கணக்குலயே வராது, டிசிஎஸ்ஸும் கிடையாது, தாராளமா அனுப்பலாம். மொதல்ல அத சொல்லுங்க. நகை லோன் போட்டு அனுப்புறதா இருந்தா முன்னாடியே பேங்க்ல கேட்டுக்கோங்க, சில வகை எல்ஆர்எஸ்ஸுக்கு பேங்க் கடன் குடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு.

அனுப்பும்போது டாலராவே அனுப்புங்க, பாட்டா மாத்தறத அங்க இருக்கிற பேங்க் பாத்துக்கும், ரேட் பொதுவா அதுல நல்லா இருக்கும். நடுவுல இருக்கிற பேங்க் சார்ஜ் புடிப்பான், அண்ணே சொன்ன 4,10,000 அதுக்கும்தான்.

கல்மண்டபம் ஃபிட்டர்:

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ், பாஸ்புக் கதைய படிச்சிட்டு வயித்த கலக்கிடுச்சு. என்ஆர்இ இருக்கு ஆனா அதுல 6 லட்சம் சொச்சம்தான், மீதிய எப்பவோ தங்கச்சி கல்யாணத்துல கரைச்சாச்சு. மாமா இன்னா சொல்றாருன்னா எதுக்குடா பேங்க் கீங்க்குனு, மண்ணடில அவருக்கு தெரிஞ்சவரு மூலமா உண்டியல்ல (ஹவாலா) போட்டா மறுநாளே அங்க கைல பாட்டா குடுத்துடுவாங்களாம், ரேட்டும் நல்லா தராங்களாம். இன்னொருத்தர் அங்க ஒரு ஏஜெண்ட் இருக்காரு, அவரே பணத்த உன் அக்கவுண்ட்ல காட்டி முடிச்சு குடுப்பாரு, 60,000 ரூபா ஆகும்னு சொல்றாரு. எது பெட்டர்?

வியாசர்பாடி அத்தோ:

நைனா ரெண்டுமே வேணாம். உண்டியல் சட்டத்துக்கு விரோதம், அத வுடு, வேலைக்கே ஆகாது அது. ரொக்கமா கைல வாங்கி பேங்க்ல கட்டினா அது வெளிநாட்லேர்ந்து வந்த பணம்னு எப்டி காட்டுவ? என் மச்சான் டூரிஸ்ட்டா போய் அங்கயே நான்-ஓ விசாவா மாத்தினப்போ பணம் வெளியிலேர்ந்து வந்ததுக்கு பேப்பர் குடுன்னு நின்னுட்டாங்க. உனக்கு விசா இங்கயே வந்துடுச்சு, சில ஆபீஸ்ல கேக்காம கூட வுடலாம், ஆனா நாளைக்கு கேட்டா கைல இன்னா இருக்கு? பேங்க் வழியா போனா அந்த ஊர் பாஸ்புக்லயே வெளிநாட்டு பணம்னு குறி போட்டு வரும், அத வெட்டி எடுக்க முடியாது.

ஏஜெண்ட் கதை இன்னா தெரியுமா, இன்னிக்கு பணத்த போட்டு நாளைக்கு எடுத்துப்பான், 2 மாசம் ஊறினதா காட்ட உள்ள ஆள் வேணும், மாட்டினா மாட்டறது அவன் இல்ல, உன் பாஸ்போர்ட்டு. பொண்டாட்டிய அங்க வுட்டுட்டு இங்க வந்து உக்காந்துப்பியா? எங்க ஆத்தா ரங்கூன்லேர்ந்து கப்பல் ஏறி வந்தப்போ கைல இருந்த பேப்பர வெச்சுதான் இங்க வீடு கெடச்சுது, அதனால எங்க வீட்ல பேப்பர்னா ஒரு மரியாதை. மாமா பணத்த தரட்டும், உன் அக்கவுண்ட்ல நேரா போடட்டும், அப்பால பேங்க்லயே அனுப்பு. கெளம்பறதுக்கு முன்னாடி பர்மா பஜார் பக்கம் வா, அத்தோ நூடுல்ஸ் வாங்கி தரேன்.

தண்டையார்பேட்டைக்காரி:

எனக்கு இந்த தொல்லையே இல்ல, நான் தாய்காரர கட்டினவ, வெளிநாட்டு பொண்டாட்டிக்கு இந்த 4 லட்சம் சட்டம் கிடையாது, வெளிநாட்டு புருஷனுக்குதான். ஆனா மத்த பேப்பர் எல்லாம் ஒண்ணுதான், அத யாரும் சொல்லலயேன்னு எழுதுறேன்.

தம்பி, பணத்துலயே கண்ணா இருந்துட்டு மத்தத விட்டுடாத. வீட்டுக்காரங்க உன்ன அங்க தங்க வெச்சிருக்காங்கன்னு இமிக்ரேஷனுக்கு டிஎம் 30 ஃபாரம் போட்டிருக்கணும், மாமியார் வீடுன்னா மாமியார் போடணும், பாவம் அவங்களுக்கு தெரியாது, இறங்கின அன்னிக்கே போட சொல்லு. வீட்டுக்கு முன்னாடி வீட்டு நம்பர் தெரியற மாதிரி நீங்க ரெண்டு பேரும் நிக்கிற போட்டோ, உள்ள ஹால்ல, பெட்ரூம்ல கூட உக்காந்திருக்கிற போட்டோ, வீட்டுக்கு வழி போட்ட மேப், எல்லாம் கேப்பாங்க. எங்க மாமியார் பெட்ரூம் போட்டோன்னதும் புது பெட்ஷீட் வாங்கிட்டு வந்து விரிச்சாங்க. கல்யாண பதிவுல கோர் ரோர் 2ன்னு ஒரு பேப்பர் இருக்கு பாரு, அத ஆம்பூல புதுசா ஒரு காப்பி எடுத்துக்க, பழசு வேணாம்பாங்க.

பேங்க் லெட்டர், பாஸ்புக் அப்டேட் ரெண்டும் அப்ளை பண்ற அன்னிக்கு காலைல பண்ணு. 100 பாட் உள்ள போட்டுட்டு பாஸ்புக்க அடிச்சிட்டு போனா அன்னிக்கு தேதி கடைசி வரியா வரும். அப்புறம் உடனே ஒரு வருஷம் குடுக்க மாட்டாங்க, பரிசீலனைல இருக்குன்னு 30 நாளுக்கு ஒரு ஸ்டாம்ப் குத்துவாங்க. அந்த ஸ்டாம்ப் முடிஞ்சு ஒரு வருஷம் குத்தற வரைக்கும் பணத்துல கை வைக்காத. நடுவுல ஊருக்கு வரணும்னா ரீ என்ட்ரி பர்மிட் எடுக்காம வந்துடாத, ஒரு தடவைக்கு 1,000 பாட்தான், அத மிச்சம் புடிக்க போய் விசாவே போயிடும்.

திருவொத்தியூர் அண்ணன்:

அக்கா சொன்னது அத்தனையும் கரெக்ட். ஒண்ணு சேத்துக்க, ஒரு வருஷம் கெடச்ச அப்புறம் பணத்த எடுத்து மாமாவுக்கு திருப்பி குடுக்கலாம், தப்பில்ல, ஆனா அடுத்த வருஷம் அப்ளிகேஷனுக்கு 2 மாசம் முன்னாடி திரும்ப 4 லட்சம் உள்ள இருக்கணும். அதனால மாமா கிட்ட இப்பவே வருஷா வருஷம்னு பேசிக்க, இல்லன்னா சம்பாதிச்சு மெதுவா உன் பணமா மாத்திக்க. நான் 3 வருஷத்துல மாத்தினேன்.

கல்மண்டபம் ஃபிட்டர்:

சரிண்ணா, முடிவு பண்ணிட்டேன். என்ஆர்இல இருக்கிற 6 லட்சம் நேரா போகுது, மாமா 3 லட்சம் அம்மா அக்கவுண்ட்ல போடறாரு, அம்மா வளையல மட்டும் வித்துட்டு மீதி, எல்லாம் அம்மா பான்ல கிஃப்ட்டா போகும், 10 லட்சத்துக்குள்ளதான் வருது, டிசிஎஸ் தொல்லை இல்ல. செயின அடகு வெக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். நேத்து அம்மாவ பேங்க்குக்கு கூட்டிட்டு போனேன், ஃபாரம்ல எதுக்கு அனுப்பறீங்கன்னு கேட்டாங்க, எம்புள்ள குடும்பம் நடத்த போறான்னு சத்தமா சொல்லிச்சு, பின்னாடி லைன்ல நின்னவங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. டிக்கெட்ட ஒரு வாரம் முன்னாடி மாத்திட்டேன், 20வது நாளுக்குள்ள பணம் போட பாக்குறேன். அத்தோ அண்ணா, ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?