மருந்தில் லாபம் எது வரைக்கும் நியாயம்?

வைகைக்கரை கேட்டது:

சித்தப்பாவுக்கு நுரையீரலில் கிருமித் தொற்று, காய்ச்சல் இறங்கவே இல்லை என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆள் இப்போது நன்றாக இருக்கிறார், அதனால் இது புலம்பல் பதிவு இல்லை. டிஸ்சார்ஜ் பில்லைப் பார்த்தால் அறை வாடகை, டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றையும் விட மருந்துக் கணக்குதான் பெரிசு. அதிலும் ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி, தினம் மூன்று வேளை போட்டது, பாதிப் பக்கத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. தெருவில் ஒரு தம்பி மொத்த மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். குப்பியை போட்டோ எடுத்து அனுப்பினேன். "இதே கம்பெனி, இதே பவர், எங்க கடை விலைக்கு நீங்க கட்டினதுல கால்வாசிகூட வராதுண்ணே" என்கிறான்.

வீட்டில் இதைப் பேசினால் மச்சான் ஒரே பாட்டு. லாபம் இல்லாவிட்டால் எவன் புது மருந்து கண்டுபிடிப்பான், ஆராய்ச்சிக்கு ஆயிரக்கணக்கான கோடி ஆகிறது, ஓசியில் உயிர் பிழைக்க ஆசைப்படாதே என்று. ஆனால் அந்த ஊசி புது மருந்தே இல்லை, காப்புரிமை எப்போதோ முடிந்துபோன பழைய சரக்கு, எத்தனையோ கம்பெனி போடுகிறது.

கம்பெனி லாபம் பார்ப்பதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. எது வரைக்கும் லாபம், எங்கிருந்து கொள்ளை, அந்தக் கோட்டை யார் கிழிக்கிறார்கள்? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் திருட்டுப் பயலுக" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அந்த அளவுக்கு எனக்கே தெரியும்.

மாத்திரைக்கடை:

கடை வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் ஒன்று தெளிவாகட்டும், அட்டையில் அச்சடித்த எம்ஆர்பி என்பது மருந்தின் விலை இல்லை, அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற வரம்பு, அவ்வளவுதான். கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது மொத்த விற்பனையாளருக்கு, கொடுக்கும் விலை வேறு, ஸ்டாக்கிஸ்ட் எனக்குக் கொடுக்கும் விலை வேறு, மூன்றாவதுதான் நீங்கள் பார்ப்பது. டாக்டர்கள் எழுதித்தரும் பெயர்பெற்ற பிராண்டுகளில் எனக்கு நிற்பது சுமாரான மார்ஜின்தான். கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி (ரெப்) யாரும் டாக்டரிடம் போய்ப் பேசாமல் நேராகக் கடைக்கே வரும் ஜெனரிக் சரக்கு, அதாவது கண்டுபிடித்த கம்பெனி அல்லாமல் மற்ற கம்பெனிகள் போடும் அதே மருந்து, இருக்கிறதே, அங்கேதான் விளையாட்டு. எம்ஆர்பி நூறு ரூபாய் என்று அச்சடித்து எங்களுக்குப் பதினைந்துக்கும் இருபதுக்கும் வரும், அதற்கும் மேல் 'பத்து எடுத்தால் ரெண்டு ஃப்ரீ' என்று ஸ்கீம் வேறு. நான் தள்ளுபடி கொடுத்தால் நல்லவன், கொடுக்காவிட்டாலும் சட்டப்படி குற்றம் இல்லை.

அரசாங்கம் கட்டுப்படுத்தவில்லையா என்று கேட்பீர்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதற்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையமான என்பிபிஏ உச்சவரம்பு போடுகிறது. பட்டியலில் இல்லாததற்கு முதல் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம், அப்புறம் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. அந்த உச்சவரம்பு போடும் கணக்கும் வேடிக்கை. 1995 மருந்து விலை ஆணைப்படி தயாரிப்புச் செலவைக் கணக்கெடுத்து அதன்மேல் ஒரு விகிதம் சேர்ப்பார்கள். 2013 ஆணை வந்த பிறகு, சந்தையில் 1 சதவீதத்துக்கு மேல் விற்கும் பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரனுக்கு 16 சதவீதம் சேர்த்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஏற்றி வைத்தவன் விலையும் அந்தச் சராசரிக்குள் உட்கார்ந்திருக்கும். செய்ய எவ்வளவு ஆகிறது என்ற கேள்வியே அந்தக் கணக்கில் கிடையாது.

உங்கள் ஊசிக் கதைக்கு வருகிறேன். 2018 பிப்ரவரியில் என்பிபிஏ டெல்லிப் பக்கம் நாலு பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை வாங்கி அலசியது. சில பொருட்களில் ஆஸ்பத்திரியின் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. மொத்தமாக எடுக்கும் ஆஸ்பத்திரிக்காகவே கம்பெனிகள் எம்ஆர்பியை உயர்த்தி அச்சடிக்கவேண்டி வருகிறது என்று அந்த அறிக்கையே சொன்னது. அதாவது மலிவாகக் கொடுக்கும் கம்பெனியை ஆஸ்பத்திரி தேடுவதில்லை, அட்டையில் பெரிசாகப் போட்டுக்கொடுக்கும் கம்பெனியைத் தேடுகிறது. போட்டி இருந்தால் விலை இறங்கும் என்று படித்தோமே, இங்கே போட்டியே விலையை ஏற்றத்தான் நடக்கிறது. வாங்குபவன் ஒருத்தன், காசு கொடுப்பவன் இன்னொருத்தன்.

பழைய_ரெப்:

கடைக்கார அண்ணன் சொன்னதில் டாக்டர் பக்கம் விட்டுப்போச்சு, அதை நான் சொல்கிறேன். மாதக் கடைசியில் டார்கெட் எட்டவில்லை என்றால் மேனேஜர் கேட்பது "எந்த டாக்டர் எழுதல, ஏன் எழுதல" என்றுதான். அந்த "ஏன்"-க்குள் எல்லாம் அடக்கம். 2022-இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வரி வழக்கு முடிந்தது, தேடிப் படியுங்கள். டாக்டர்களுக்குக் கொடுத்த தங்கக் காசு, எல்சிடி டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப் எல்லாவற்றையும் கம்பெனி தன் தொழில் செலவு என்று கணக்கில் காட்டி வரிவிலக்கு கேட்டது. கோர்ட் முடியாது என்றது. டாக்டர் வாங்குவதே தடைசெய்யப்பட்டது, அதைக் கொடுப்பதற்கு விலக்கா என்று கேட்டதோடு, இந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு புது நடத்தை விதி கொண்டுவந்தது, பரிசு கூடாது, வெளிநாட்டு டூர் கூடாது என்று. மீறினால் விசாரிப்பது கம்பெனிகளின் சங்கத்துக் கமிட்டி. சிரித்துக்கொள்ளுங்கள்.

குடுவையும்_நானும்:

நான் உங்கள் மச்சான் கட்சி, கொஞ்சம். புது மூலக்கூறு ஆராய்ச்சியில் இருக்கிறேன், மருந்தை விற்கும் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தோற்கும். பல வருஷ வேலை ஒரே நாள் மெயிலில் முடிந்துபோவதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஜெயித்த ஒன்றின் விலையில் தோற்ற ஒன்பதின் செலவும் இருக்கத்தான் செய்யும். இருபது பைசாவுக்குச் செய்யக்கூடிய மாத்திரையை ஏன் இருநூறுக்கு விற்கிறாய் என்று கேட்பவர்கள் முதல் மாத்திரையைச் செய்த செலவைக் கேட்பதே இல்லை.

ஆனால் மச்சானிடம் இதையும் சொல்லுங்கள். நீங்கள் அதிகமாகக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட எங்களைப் போன்ற ஆட்களுக்கு வந்திருக்காது. அது பழைய ஆன்டிபயாட்டிக், ஆராய்ச்சிச் செலவெல்லாம் எப்போதோ வசூலாகிவிட்டது. புது ஆன்டிபயாட்டிக் கண்டுபிடித்தவர்கள் கதி என்ன தெரியுமா? அமெரிக்காவில் அக்கேயோஜென் என்று ஒரு கம்பெனி, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளுக்காக பிளாசோமைசின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது, 2019 ஏப்ரலில் கம்பெனி திவால். ஏனென்றால் நல்ல புது ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி போடக்கூடாது, கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கவேண்டும், பூட்டி வைத்த மருந்து விற்காது. நமக்கு உடனடியாகத் தேவைப்படுவதைக் கண்டுபிடித்தவன் திவாலாகிறான், காப்புரிமை முடிந்த மருந்தை அட்டை மாற்றி விற்பவன் கொழிக்கிறான். ஆகவே லாபம்தான் ஆராய்ச்சிக்குத் தீனி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எங்களுக்கே உதவாத வாதம்.

வழக்குக்கட்டு:

காப்புரிமை உள்ள மருந்துக்கு வந்தால் கதை வேறு, அதில் ஒரு பெரிய அத்தியாயம் நம்ம சென்னையிலேயே நடந்தது. இமாட்டினிப் என்று ஒரு மாத்திரை, சிஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய்க்கு. அது வருவதற்கு முன் அந்த நோய் வந்தால் சில வருஷம்தான். வந்த பிறகு தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நோவார்ட்டிஸ் இதை கிளிவெக் என்ற பெயரில் இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. நம் ஊர்க் கம்பெனிகள் அதையே 8,000, 10,000 ரூபாய்க்குப் போட்டார்கள். போட முடிந்ததற்குக் காரணம் 1970 சட்டம்: மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005-இல் அதை மாற்ற வேண்டி வந்தது. மாற்றும்போது 3(டி) என்று ஒரு பிரிவைச் செருகினார்கள்: பழைய மருந்தின் புது வடிவம், நோய் தீர்க்கும் திறன் கூடியதாக நிரூபிக்காவிட்டால், கண்டுபிடிப்பு ஆகாது.

நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது இமாட்டினிப்பின் உப்பு வடிவமான இமாட்டினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்கு. புற்றுநோயாளிகள் அமைப்பு ஒன்றும் சில ஜெனரிக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 3(டி)-யே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள், 2007-இல் அதுவும் தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் முடித்துவைத்தது. உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று காட்டினார்கள், நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று காட்டவில்லை என்பதுதான் சாரம். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்று கம்பெனி சொன்னது, கொடுக்கவும் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கம்பெனி மனசு வைத்தால்தான் உயிர் என்ற நிலைமைக்குத் தர்மம் என்று பேர் வைக்கலாம், உரிமை என்று வைக்க முடியாது.

குடுவை நண்பருக்கு ஒரு கேள்வி. இதே மாத்திரை அமெரிக்காவில் 2001-இல் வருஷத்துக்கு சுமார் 30,000 டாலர், 2012-இல் 92,000 டாலர். நடுவில் மாத்திரை மாறவில்லை, ஆராய்ச்சிச் செலவு புதிதாக முளைக்கவும் இல்லை. எந்த ஒன்பது தோல்விக்கான பணம் அது? சிஎம்எல் டாக்டர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து இந்த விலை அநியாயம் என்று 2013-இல் கையெழுத்துப் போட்டுக் கட்டுரையே எழுதினார்கள். இந்த மருந்தை நோயாளிகளிடம் முதலில் சோதித்துக் காட்டிய ப்ரையன் ட்ரக்கரும் அதில் ஒருவர்.

குடுவையும்_நானும்:

அந்த விலையேற்றத்துக்கு என்னிடம் பதில் இல்லை, முட்டுக்கொடுக்கவும் மாட்டேன். கொடுப்பவன் இருக்கிறான் என்பதற்காக ஏற்றியது. ஆனால் 3(டி)-யைக் காட்டி இந்தியா ஏழை நோயாளிகளின் கோட்டை என்று கொண்டாடுவதும் எனக்குக் கொஞ்சம் ஓவர். அரசாங்கம் நினைத்தால் காப்புரிமை இருந்தாலும் வேறு கம்பெனி அந்த மருந்தைப் போட அனுமதிக்கும் கட்டாய உரிமம் கொடுக்கலாமே. 2012-இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு ஒரு தடவை கொடுத்தார்கள், மாதம் 2,80,000 ரூபாய் மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது, காப்புரிமை வைத்திருந்த பேயர் கம்பெனிக்கு ராயல்டியும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படுகிறது, கண்டுபிடித்தவனுக்கும் ஒரு பங்கு. இன்றுவரை அந்த ஒன்றோடு சரி.

வழக்குக்கட்டு:

ஒத்துக்கொள்கிறேன். அரசாங்கம் ஒதுங்கி நிற்க, நோயாளிகள்தான் கோர்ட் கோர்ட்டாக ஏறுகிறார்கள். எஸ்எம்ஏ என்ற தசைச் சிதைவு நோய்க்கு ரிஸ்டிப்ளாம் என்று ஒரு மருந்து, பவுடராக வரும், கரைத்துக் குழந்தைக்கு வாயில் கொடுப்பார்கள். ரோஷ் கம்பெனியின் விலை ஒரு பாட்டில் 6 லட்சத்துக்கு மேல். நம் ஊர்க் கம்பெனி நாட்கோவின் ஜெனரிக் 15,900 ரூபாய். அதை நிறுத்தச் சொல்லி ரோஷ் போட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2025-இல் தடைவிதிக்க மறுத்தது, அக்டோபரில் உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை. ஆறு லட்சம் எங்கே, பதினாறாயிரம் எங்கே. ஆனால் பாட்டில் தீரத் தீர அந்தப் பதினாறாயிரமும் எத்தனை வீட்டில் முடியும்?

ஜிஹெச்_பார்மசிஸ்ட்:

ரெண்டு வரி. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்து வரும், பார்த்திருப்பீர்கள். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் (டிஎன்எம்எஸ்சி) மாநிலம் முழுசுக்கும் சேர்த்து டெண்டர் விட்டு, பிராண்டு பேர் பார்க்காமல், தரம் சோதித்து வாங்குகிறது. அந்த டெண்டரில் வரும் விலையைப் பார்த்தால் வெளியில் விற்கும் எம்ஆர்பியைப் பார்த்துத் தலை சுற்றும். அந்த விலைக்கும் கம்பெனிகள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள், நஷ்டத்துக்கா கொடுப்பார்கள்? வைகைக்கரை கேட்ட கோடு எங்கே என்பதற்கு என் பதில் அந்த டெண்டர் விலைதான். அதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு லிங்க் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. கடைக்கார அண்ணனிடம் ஒன்று மட்டும்: சித்தப்பாவுக்கு மறுபடி அட்மிஷன் என்று வந்தால் வெளியில் மருந்து வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமா? அன்றைக்குக் கேட்டதற்கு, வெளி மருந்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாத்திரைக்கடை:

கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் பார்மசியில்தான் வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை எதிர்த்து ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் கோர்ட் தானாக உத்தரவு எதுவும் போடாமல், மாநில அரசுகள் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் நடைமுறையில் அந்தந்த ஆஸ்பத்திரி மனசுதான். ஐசியுவில் ஆள் இருக்கும்போது சண்டை போட முடியாது, அது எனக்கும் தெரியும். வார்டுக்கு மாற்றிய பிறகு தினம் போடும் விலை அதிகமான ஊசி எது என்று கேட்டு அதை மட்டும் வெளியில் வாங்கப் பாருங்கள், பில்லும் பேட்ச் நம்பரும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்கும் மருந்தாக இருந்தால் ஐஸ் பெட்டியோடு கொண்டுபோங்கள். உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்க்க என்பிபிஏவின் 'பார்மா சஹி தாம்' ஆப் இருக்கிறது, அதைத் தாண்டி பில் போட்டிருந்தால் புகார் கொடுக்கலாம். உச்சவரம்பு இல்லாத மருந்தை எம்ஆர்பிக்குள் போட்டிருந்தால் புகார் நிற்காது. அந்தப் பழைய பில்லையும் தூக்கிப்போடாதீர்கள், போடாமல் மிச்சமான குப்பிகளைத் திருப்பி எடுத்துக் கழித்திருக்கிறார்களா என்று ஒரு தடவை சரிபாருங்கள். தினம் மூன்று என்றால் கேஸ் ஷீட்டில் மூன்று கையெழுத்து இருக்கும், பில்லில் நாலு இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.