நியூட்ரான் நட்சத்திர மேலோடு: என் அயனிகள் உறையவே மாட்டேன் என்கின்றன

அஸ்தம்பட்டி_மொட்டைமாடி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நியூட்ரான் நட்சத்திரத்தின் (வெடித்துச் செத்த பெரிய நட்சத்திரத்தின் மிக அடர்ந்த எச்சம்) மேலோட்டை பைத்தான் நிரலில் செய்து பார்க்கிறேன். பெட்டிக்குள் 1000 இரும்பு அயனிகள், கன சென்டிமீட்டருக்கு 100 கோடி கிராம் அடர்த்தி, நட்சத்திரம் என்றால் சூடாகத்தானே இருக்கும் என்று 100 கோடி கெல்வின். எலக்ட்ரான்களைச் சீரான பின்னணியாக மட்டும் வைத்தேன். மூன்று ராத்திரி ஓடியும் படிகம் வரவில்லை, கம்மங்கூழ் மாதிரி அலைகிறது. எங்கே தப்பு?

சூரமங்கலம்_சந்திப்பு:
கோடில் தப்பே இல்லாமலும் இருக்கலாம் தம்பி. காமாவைக் கணக்குப் போட்டீர்களா? பக்கத்து அயனிகள் ஒன்றையொன்று தள்ளும் கூலும் மின் ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்தால் வருவது. அது சுமார் 175ஐத் தாண்டினால்தான் உறையும். உங்கள் எண்களுக்கு 40தான் வருகிறது, அப்போது திரவமாக இருப்பதுதான் நியாயம். இந்த அடர்த்தியில் உருகுநிலையே கிட்டத்தட்ட 23 கோடி கெல்வின். 10 கோடிக்கு இறக்குங்கள், காமா 400 ஆகிவிடும்.

அஸ்தம்பட்டி_மொட்டைமாடி:
இறக்கிவிட்டேன் அண்ணே. உறைகிறது, ஆனால் வரிசையே இல்லை, கண்ணாடி மாதிரி அங்கங்கே கோணிக்கொண்டு நிற்கிறது.

நகரமலை_அடிவாரம்:
சட்டென்று குளிர வைத்தால் அப்படித்தான். அதைவிட 1000 என்ற எண்ணே உதைக்கிறது. இங்கே வர வேண்டியது பி.சி.சி. படிகம் (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அயனி உட்காரும் அடுக்கு), அலகுக்கூட்டுக்கு இரண்டு அயனி, அப்போது கனசதுரப் பெட்டியில் குறையில்லாமல் அடுக்க 2×8×8×8, அதாவது 1024 வேண்டும். முதலிலேயே அடுக்கி வைத்துவிட்டு சூடேற்றி உருக்கிப் பாருங்கள், அதுதான் சுலபம். அப்புறம், கூலும் விசையைப் பாதிப் பெட்டியோடு வெட்டிவிட்டீர்களா? வெட்டக்கூடாது, தூரத்து அயனிகளின் விசையையும் சேர்த்துக் கணக்கிடும் எவால்ட் கூட்டல் போடுங்கள்.

ஏற்காடு_காப்பித்தோட்டம்:
படிகம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், இழுத்துப் பாருங்கள், ருசியே அங்கேதான். 2009இல் இயற்பியலாளர்கள் ஹோரோவிட்ஸும் கடாவும் மூலக்கூறு இயக்கவியலில் (ஒவ்வொரு துகளின் அசைவையும் கணினியில் பின்தொடரும் முறை) இதைச் செய்தபோது திரிபு, அதாவது உருக்குலைவின் விகிதம், 0.1 வரை தாங்கியது. எங்கள் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை அதில் பத்தில் ஒரு பங்குக்கு முன்பே நொறுங்கிவிடும். பாறைக்குள் விரிசலும் துளையும் இருக்கும், நட்சத்திர மேலோட்டிலோ அழுத்தம் எந்த வெற்றிடத்தையும் திறக்க விடாது, அதனால் விரிசல் பரவ வழியில்லை. இவ்வளவு உறுதியிருந்தும் ஈர்ப்பு விசை விடுவதில்லை, அங்கே மலை என்றால் சென்டிமீட்டர் கணக்குதான்! ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அஸ்தம்பட்டி_மொட்டைமாடி:
1024 போட்டு, எவால்டும் சேர்த்து ஓடுகிறது. திரிபு 0.04க்கு வந்திருக்கிறது, இன்னும் உடையவில்லை.