அம்மம்மாவின் பிறந்தநாளும் ஹாண்ட்போல் இறுதியாட்டமும்

[குடும்ப அரட்டைக் குழு: சனி, 31 மே 2025]

வசந்தி: நாளை மாலை அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவுக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுங்கள். மண்டபத்தை ஒன்பது மணிக்கு ஒப்படைக்க வேண்டும்.

அபிராமி: சித்தி, நாளை மாலைதான் ஹாண்ட்போல் இறுதியாட்டமும் நடக்கிறது. மண்டபத்துத் திரையில் அதைப் போடலாமா?

வசந்தி: அந்தத் திரையில் அம்மம்மாவின் பழைய படங்கள் ஓடும்.

சிவநேசன்: வசந்தி, பிள்ளை கேட்பது ஐரோப்பிய மகளிர் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை. செப்டெம்பரில் பதினாறு கழகங்கள் இரண்டு குழுக்களாகத் தொடங்கின. குழுவில் முதலிரண்டு இடங்களைப் பிடித்தவை நேரே காலிறுதிக்குப் போக, அடுத்த இடங்களில் வந்தவை தமக்குள் மோதி மிச்ச இடங்களைப் பிடித்தன. எஞ்சிய நான்கும் இந்த வார இறுதியில் புடாபெஸ்டில், இருபதாயிரம் பேர் அமரக்கூடிய எம்விஎம் டோம் அரங்கில் ஆடுகின்றன. மெட்ஸும் எஸ்பியரும் இன்று தோற்றுவிட்டதால், நாளை ஹங்கேரியின் ஜியோரும் டென்மார்க்கின் ஓடென்சேயும் மோதும்.

கண்ணன்: பெரியப்பா தொடங்கிவிட்டார்.

வசந்தி: இதில் எங்கள் நோர்வே எங்கே இருக்கிறது, அத்தான்?

சிவநேசன்: அதுதான் வயிற்றெரிச்சல். 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணம் வென்ற கிறிஸ்தியான்சாண்ட் வைப்பர்ஸ் கழகம், கடந்த ஜனவரியில் வங்குரோத்தாகி, பருவத்தின் நடுவிலேயே போட்டியிலிருந்து விலகிவிட்டது. கிண்ணங்களை அடுக்கி வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை.

சுகந்தி: கவலைப்படாதீர்கள், உங்கள் நோர்வேக் கோல்காப்பாளர் கத்ரீனே லுண்டே இங்கே ஓடென்சேயில் பத்திரமாக இருக்கிறார்.

வசந்தி: நல்ல ஆட்களை டென்மார்க்குக்கு இழுத்துக்கொண்டு போவது உங்களுக்குப் புதிதா, அண்ணி? எங்கள் அண்ணாவும் அப்படித்தானே போனார்.

சுகந்தி: உங்கள் அண்ணாவை யாரும் இழுக்கவில்லை, மச்சாள். அவராகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணன்: மாமா இதைப் பார்த்துவிட்டார். நீலக் குறி விழுந்திருக்கிறது.

அபிராமி: லுண்டேக்கு நாற்பத்தைந்து வயது. விபோரில் இரண்டு, ஜியோரில் இரண்டு, வைப்பர்ஸில் மூன்று என ஏழு முறை இந்தக் கிண்ணத்தை வென்றவர், நாளை எட்டாவதற்காகத் தம் பழைய கழகத்தையே எதிர்க்கிறார். நானும் கோல்காப்பாளர் என்பதால் சொல்கிறேன்: எறிபவரின் தோள் திரும்பும்வரை பொறுத்து நின்று, கடைசிக் கணத்தில் காலைத் தோளளவுக்குத் தூக்கி மறிப்பதெல்லாம் எல்லோருக்கும் வராது.

வசந்தி: பந்தில் பூசும் பிசினை என் சோபாவில் ஒட்டிவிட்டுப் போன கோல்காப்பாளர்தானே.

அபிராமி: 2011 ஏப்ரலில் சின்ன மாமாவின் தாலி கட்டும் நேரத்தில், ஆண்கள் எல்லோரும் மண்டபத்துச் சமையலறையில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா இன்றும் சொல்கிறார். பெண்கள் ஆடினால் மட்டும் திரை கிடைக்காதா?

சிவநேசன்: அது இலங்கை ஆடிய இறுதியாட்டம்.

கண்ணன்: தோற்ற ஆட்டம்.

வசந்தி: முதலில் கேக் வெட்டட்டும். இரண்டாம் பாதியை வேண்டுமானால் போடலாம். நாளை பார்ப்போம்.

[ஞாயிறு, 1 ஜூன் 2025]

வசந்தி: குடும்பப் படம் எடுக்க ஆட்களைக் காணவில்லை. அத்தான், எங்கே நிற்கிறீர்கள்?

கண்ணன்: சமையலறையில். அபியின் மடிக்கணினிக்கு முன்னால். அம்மம்மாவும் இங்கேதான்.

வசந்தி: அம்மாவுமா?

சுகந்தி: முடிந்துவிட்டது. 29–27.

சிவநேசன்: ஜியோர் வென்றுவிட்டது. போன ஆண்டும் அவர்களே வென்றார்கள். லுண்டே ஏழில் நிற்க, ஜியோரும் ஏழாவது கிண்ணத்தைத் தொட்டுவிட்டது. ஆயினும் முதன்முறை இறுதிக்கு வந்த ஓடென்சே இரண்டே கோல்களில் விட்டது குறையொன்றுமில்லை, சுகந்தி.

சுகந்தி: ஆறுதலுக்கு நன்றி அண்ணா. உங்கள் மச்சான் இன்னும் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை.

அபிராமி: சித்தி, அடுத்த ஆண்டு இறுதியாட்டமும் ஜூன் தொடக்கத்தில்தான். அம்மம்மாவின் பிறந்தநாளை ஒரு வாரம் முன்னால் வைக்கலாமா? அம்மம்மா சரி என்கிறார்.

வசந்தி: அதைப் பிறகு பேசலாம். எட்டரையாகிறது, முதலில் படத்துக்கு வாருங்கள்.