புதுப்பிப்பு: டிரமடால் வலிக்கா, பதற்றத்துக்கா?

நாள்பட்ட முதுகுவலிக்கு டிரமடால் (அபின் வகை வலி மாத்திரை) எடுப்பவர்கள், மாத்திரை வலிக்குப் போகிறதா மனசுக்குப் போகிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். எப்படி என்று கேட்டவர்களுக்கு இது.

அட்டையைப் பிரிக்கும் முன் இரண்டு எண் எழுதுங்கள்: வலி 0–10, பதற்றம் 0–10. வலி 4, பதற்றம் 8 என்று வரும் இரவுகளைக் கவனியுங்கள். தூக்கம் வராமலோ வீட்டுச் சண்டைக்குப் பிறகோ கூடுதல் மாத்திரை உள்ளே போவது அப்போதுதான். குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் எழுதினால் டிரமடால் எடுப்பதை மறைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயம் கூடும்.

சட்டென்று நிறுத்தாதீர்கள். வியர்வை, வயிற்றுப்போக்கோடு வலியும் ஏறும். நோய் முற்றிவிட்டதென்று பயந்து பலர் திரும்ப விழுங்குவது இதனால்தான். ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் மாதம் 10 சதவீதம் குறைப்பதே உடம்பு தாங்கும் வேகம்.