‘டாக்டர் ஷிவாகோ’வில் தற்செயல்கள் மிகுதியா?

நெய்தல்:
ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ நாவலைப் படித்து முடித்தேன். 1905ஆம் ஆண்டு ரஷ்யக் கிளர்ச்சிக்கும் முன்பிருந்து இரண்டாம் உலகப் போர் வரை நீளும் நாவலில், மருத்துவனான யூரி ஷிவாகோவும் அவன் காதலி லாராவும் மாஸ்கோவிலும், போர்முனை மருத்துவமனையிலும், யூரல் பகுதியின் யூரியாத்தின் நகர நூலகத்திலும் எதிர்ப்பட்டுக்கொண்டே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோடிக்கணக்கானோர் சிதறிப்போன காலத்தில் இவர்களுக்கு மட்டும் விதி வழிவிடுகிறது.

கருவேலம்:
தற்செயல்கள் காதலர்களுக்காகவே வைக்கப்பட்டவை என்பதை நான் மறுக்கிறேன். உள்நாட்டுப் போரில் செஞ்சார்பான கொரில்லாக்களிடம் சிறைப்பட்ட யூரி, மோதல் ஒன்றில் யாரையும் கொல்ல விரும்பாமல் பட்டமரத்தைக் குறிவைத்துச் சுடுகிறான். அப்படியும் குறுக்கே வந்த சிலர்மீது குண்டு பாய்கிறது. பிறகு பார்த்தால், இறந்துகிடந்த கொரில்லாத் தந்திப் பணியாளனின் கழுத்திலும், விழுந்துகிடந்த, எதிரணியான வெள்ளைப்படையைச் சேர்ந்த இளைஞனின் கழுத்திலும் ஒரே விவிலியச் சங்கீதம் தாயத்தாகத் தொங்குகிறது. இளைஞனின் உலோகச் சிமிழில் பட்டுக் குண்டு விலகியிருக்கிறது. உயிர் பிழைத்தவனுக்கு இறந்தவனின் உடையை அணிவித்து, காப்பாற்றி அனுப்புகிறான் யூரி. அவனோ மீண்டும் வெள்ளைப்படைத் தலைவர் கோல்சாக்கின் படைக்கே போவேன் என்கிறான். உள்நாட்டுப் போர் இன்னதென்று சொல்ல இதைவிடப் பொருத்தமான தற்செயல் உண்டா?

நெய்தல்:
அது நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றுதான். ஆனால் அங்கே லாரா இல்லை என்பதைக் கவனியுங்கள்.

திண்ணைவாசி:
இருவரும் யூரியின் மனைவி தோன்யாவை மறந்துவிட்டீர்கள். குடும்பத்தோடு நாடு கடத்தப்படும் நிலையில் அவள் கணவனுக்கு எழுதும் கடிதம் மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்கிறது. லாராவை நல்லவள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தான் அவளுக்கு நேர்மாறானவள் என்று எழுதுகிறாளே, அந்த ஓரிரு பக்கங்களுக்கு முன் காதலர்கள் வரிகினோ என்ற ஊரில் கழித்த நாட்கள் எனக்குச் சற்று மங்கலாகவே தெரிகின்றன.

கருவேலம்:
தோன்யாவைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் நெய்தல் அவர்களே, லாராவின் முடிவைப் பாருங்கள்: ஒருநாள் வெளியே போனவள் திரும்பவில்லை, வடக்கே ஏதோ ஒரு முகாமில், தொலைந்துபோன பட்டியலின் எண்ணாக மறைந்திருக்கக்கூடும் என்று நாவல் சொல்கிறது. அங்கே விதி எந்த வழியையும் விடவில்லையே? 1956இல் ‘நோவி மிர்’ என்ற சோவியத் இலக்கிய இதழ் இந்த நாவலை மறுத்ததும், 1988 வரை சோவியத் வாசகர்களுக்கு இது அச்சில் கிடைக்காததும் காதல் கதை என்பதற்காக அல்ல.

நெய்தல்:
தடை செய்யப்பட்டதனாலேயே கட்டமைப்பு செம்மையாகிவிடாது. லாராவின் மறைவு ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த பகுதியிலேயே, அவளுக்கும் யூரிக்கும் பிறந்து அநாதையாக வளர்ந்த தான்யா, யூரியின் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரனான தளபதியின் கண்ணில் போர்முனையில் படுகிறாள். இதை நீங்கள் எந்தச் சங்கீதத்தின் கணக்கில் எழுதுவீர்கள்?